புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பிறகு வரும் அசதிக்கு மசாஜ்: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். பெருந்துறை, சென்னிமலை, காங்கயம் பக்கம் வீடுகளுக்கே போய்ப் பார்க்கிறேன். என் அப்பாவும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு வைத்தியம் எடுத்தவர்தான், இன்னும் ஹார்மோன் ஊசியில் இருக்கிறார். எங்கள் பக்கத்து ஆண்கள் வலியைக்கூடச் சொல்லிவிடுவார்கள், அசதியைச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்துக்குப் போகாமல் திண்ணையில் படுத்திருந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம். அதனால் என்னிடம் கேள்வி கேட்பது பெரும்பாலும் மனைவியும் மகளும் மருமகளும்தான். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். மசாஜ் என்று நான் சொல்வது நம் வீட்டில் நீவி விடுவது, உருவி விடுவது, பிடித்து விடுவது எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

"வைத்தியம் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சுங்க. இன்னும் எதுக்கு இப்படி அசந்து அசந்து படுக்கறாரு?"

வேலை செய்து வருகிற அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இந்த அசதி தூங்கினாலும் போகாது. காலையில் எழும்போதே கை கால் ஓய்ந்துபோய்த்தான் எழுவார்கள். பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். செய்த வேலைக்கும் வந்த அசதிக்கும் சம்பந்தமே இருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சோம்பலாகத் தெரியும். நிச்சயமாகச் சோம்பல் இல்லை.

புராஸ்டேட் புற்றுநோயில் இதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. இந்தப் புற்று வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். அதைச் சுரக்கிற விதையை எடுத்துவிட்டால் பரவிய புற்றும் சுருங்குகிறது என்று 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டினார். அதற்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு மாதத்துக்கு ஒன்று, 3 மாதத்துக்கு ஒன்று, 6 மாதத்துக்கு ஒன்று என்று போடுகிற ஹார்மோன் ஊசிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். சிலருக்கு இன்றும் விதையை எடுக்கிற ஆபரேஷனே செய்கிறார்கள்.

புற்றுக்குப் போகிற ஹார்மோனை நிறுத்தும்போது மற்ற உடம்புக்குப் போவதும் நின்றுவிடுகிறது. சதை கரைகிறது, கொழுப்பு கூடுகிறது. ரத்தம் ஊறுவதற்கும் அந்த ஹார்மோன் தேவை என்பதால் ஹீமோகுளோபின் இறங்குகிறது. எலும்பு மெலிகிறது. நடு ராத்திரியில் குப்பென்று உடம்பு காந்தி வியர்க்கிறது, அதோடு ரெண்டு மூன்று முறை ஒன்றுக்கு எழுந்து போக வேண்டியிருக்கிறது. இப்படித் தூக்கம் துண்டு துண்டாகப் போனால் பகலில் உடம்பு எப்படி எழும்? ஊசியை நிறுத்திய பிறகும் ஹார்மோன் திரும்பி வரப் பல மாதம் ஆகும். வயதானவர்களில் சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை.

கரண்ட் என்று நாம் சொல்கிற கதிர்வீச்சு வைத்தவர்களுக்கு வேறு கணக்கு. ஆரம்பித்து ரெண்டு மூன்று வாரத்தில் அசதி ஏறும். முடித்த பிறகு பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் இறங்கிவிடும். ஊசி, கரண்ட் ரெண்டும் ஒன்றாக நடந்தால் அசதியும் சேர்ந்தேதான் வரும்.

"வயசு எழுபதாச்சு. வயசானா அசதி இருக்கத்தானே செய்யும்?"

இப்படிச் சொல்லித்தான் பல வீடுகளில் சரி செய்யக்கூடிய காரணங்களை விட்டுவிடுகிறார்கள். மசாஜைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் போய் "அசதி" என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹார்மோன் ஊசி சர்க்கரையையும் ஏற்றிவிடும். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யாரிடமும் பேசாமல் பேரப்பிள்ளைகள் வந்தாலும் முகம் மலராமல் இருந்தால், அதை உடம்பு அசதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் குறைவாக இருக்கிற உடம்பை எத்தனை நாள் நீவினாலும் ரத்தம் ஏறாது.

"சரி, மசாஜ் பண்ணுனா நெசமாவே கொறையுமுங்களா? இல்ல சும்மா சொகத்துக்குத்தானா?"

குறையும் என்று சொல்ல ஓரளவுக்கு ஆதாரம் இருக்கிறது. அது எவ்வளவு, யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 3 ஆண்டுகளில் மசாஜ் பெற்ற 1290 நோயாளிகளின் கணக்கை 2004-இல் வெளியிட்டார்கள். வலி, அசதி, பதற்றம், குமட்டல் ஆகியவற்றுக்கு நோயாளிகளே முன்னும் பின்னும் போட்ட மதிப்பெண் ஏறக்குறைய பாதியாக இறங்கியிருந்தது. ஆனால் மசாஜ் செய்யாத ஒரு கூட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் ஒருவர் அக்கறையாகக் கவனித்தாலே யாருக்கும் கொஞ்சம் தேவலை என்று தோன்றத்தானே செய்யும்?

அந்தக் குறையைச் சரிசெய்து ஒரு ஆய்வு 2018-இல் வந்தது. அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் நடந்தது. மார்பகப் புற்றுநோய் வைத்தியம் முடித்தும் அசதி போகாத 66 பெண்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வாரம் ஒரு முறை, 6 வாரம், ஸ்வீடிஷ் மசாஜ் என்கிற நீண்ட நீவலும் மென்மையான பிசைவும் கொண்ட மசாஜ். இன்னொரு கூட்டத்துக்கு அதே நேரம் கையை லேசாக வைத்துத் தொடுவது மட்டும். மூன்றாவது கூட்டத்துக்கு எதுவும் இல்லை. நீவி விட்ட கூட்டத்துக்கு அசதி நன்றாகவே இறங்கியது. தொட்டதோடு நிறுத்திய கூட்டத்துக்கும் இறங்கியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஒன்றும் செய்யாத கூட்டத்துக்குக் கொஞ்சம் கூடியது. தொடுவதற்கும் ஒரு பலன் உண்டு, முறையாக நீவுவதற்கு அதற்கு மேலும் பலன் உண்டு என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெண்கள், நோயும் வேறு. புராஸ்டேட் ஆண்களின் அசதியில் ஹார்மோன் இழப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. போன டெஸ்டோஸ்டிரோனை எந்தக் கையாலும் உருவி வரவழைக்க முடியாது. மசாஜ் உதவுவது வேறு இடத்தில்: ராத்திரி தூக்கம், தோளிலும் கழுத்திலும் ஏறிக் கிடக்கிற இறுக்கம், புற்று திரும்புகிறதா என்று பார்க்கிற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அடுத்த முறை என்ன வருமோ என்ற பதற்றம். இந்த மூன்றும் அசதியைக் கூட்டுகிறவை. இவை இறங்கினால் அசதியிலும் ஒரு பகுதி இறங்கும். என் அப்பாவிடம் நான் பார்த்ததும் அவ்வளவுதான். நீவி விட்ட ராத்திரி ஒரே தூக்கமாக நாலு மணி நேரம் தூங்குவார். அடுத்த நாள் காலையில் தண்ணி திருப்பிவிட அவராகவே வாய்க்காலுக்குப் போவார்.

உடம்பில் இருக்கிற நச்செல்லாம் வெளியே வந்துவிடும் என்று மசாஜ் செய்கிறவர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்.

"உருவி விட்டா புத்து பரவிரும்னு எங்க பெரியம்மா சொல்றாங்க."

பரவாது. புற்று பரவுவது செல்லுக்குள்ளே நடக்கிற மாற்றங்களால். நடந்தாலும் மாடி ஏறினாலும்கூட ரத்தமும் நிணநீரும் வேகமாக ஓடத்தான் செய்கின்றன, அதனால் யாருக்கும் புற்று பரவுவதில்லை. கட்டி இருக்கிற இடத்தின் மேல், அல்லது கவட்டையில் நெறி கட்டியிருந்தால் அதன் மேல், நேராக அழுத்தக் கூடாது. அதை மட்டும் பெரியம்மாவிடம் ஒப்புக்கொள்ளலாம்.

"எங்க அப்பாருக்கு முதுகு வலின்னா பேரன ஏறி மிதிக்கச் சொல்லுவாரு. அது பரவால்லீங்களா?"

வேண்டவே வேண்டாம். இங்கே எழுதியது முழுவதையும் படித்தாலும் படிக்காவிட்டாலும், இந்த ஒரு பதிலை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தோட்டத்து வேலையோ தறி வேலையோ முடித்து வந்து, பவானி ஜமுக்காளத்தை விரித்துக் குப்புறப் படுத்து, சின்னப் பிள்ளையை முதுகில் நடக்க விடுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. நானே என் அப்பாரு முதுகில் நடந்திருக்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய் வந்தவருக்கு அது ஆபத்து, ரெண்டு காரணத்தால்.

முதலாவது, இந்தப் புற்று பரவினால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தொடையெலும்பின் மேல் பகுதி, விலா எலும்பு. நாம் வழக்கமாக அமுக்கி விடுகிற இடங்களும் இவைதான். ஸ்கேனில் அந்த இடம் கெட்டியாகத் தெரியும். ஆனால் அங்கே தாறுமாறாக வளர்ந்த எலும்புக்கு வலு கிடையாது, அழுத்தினால் முறியும்.

ரெண்டாவது, எங்கும் பரவாமல் இருந்தாலும் ஹார்மோன் ஊசி எலும்பை மெலிய வைக்கிறது. முதல் வருடத்திலேயே நன்றாக மெலிந்துவிடும். டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் எலும்பின் அடர்த்தி எவ்வளவு என்று தெரியும். ஊசியில் இருக்கிற எல்லோரும் டாக்டரிடம் அதைக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

அதனால் மிதிப்பது, முழங்கையால் அழுத்துவது, சொடக்கு எடுப்பது, கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பது, சுளுக்கு எடுக்கிறேன் என்று வெடுக்கென்று இழுப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். எலும்பில் பரவியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால், எந்தெந்த எலும்பு என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் கையை வைத்து எடுக்கலாம், அழுத்தம் கூடாது. கை, பாதம், தலை போன்ற மற்ற இடங்களை மெதுவாக நீவலாம்.

புதிதாக முதுகு வலி வந்து, அது படுத்தால் கூடுகிறது, கால் மரத்துப்போகிறது, நடக்கும்போது கால் துவள்கிறது, ஒன்றுக்கோ ரெண்டுக்கோ போவது கட்டுப்பாட்டில் இல்லை என்றால் எண்ணெயைக் கையிலேயே எடுக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி அது. அன்றைக்கே, ராத்திரியானாலும், கோயம்புத்தூரோ ஈரோடோ எது பக்கமோ அங்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் கால் திரும்பாமலே போகலாம்.

"வேற எப்பெல்லாம் பண்ணக் கூடாது?"

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகவும் வலியாகவும் இருந்தால் தொடாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்த ரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். புற்றுநோய்க்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. "கால் வீங்கியிருக்குது, கொஞ்சம் உருவி விடு" என்று அவரே கேட்பார் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

காய்ச்சல் இருந்தால் வேண்டாம். கீமோ நடந்து ரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால், அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், டாக்டர் சரி என்ற பிறகு, தோல் அசைகிற அளவுக்கு மட்டும். கவட்டையில் நெறி எடுத்திருந்தோ அங்கே கரண்ட் வைத்திருந்தோ கால் மெல்ல மெல்லப் பருத்து வந்தால் அது நிணநீர் வீக்கம். அதற்கு நிணநீரை வடிய வைக்கிற தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேண்டும், வீட்டு நீவல் சரிப்படாது.

"ஆபரேஷன், கரண்ட், ஊசி - எதுக்கு எத்தன நாள் பொறுக்கோணும்?"

புராஸ்டேட்டை எடுத்தவர்களுக்கு அடிவயிற்றை ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லும்வரை விட்டுவிடுங்கள். யூரின் டியூப் இருக்கிற நாட்களில் பாதம், கை, தலை போதும். கரண்ட் வைக்கிற நாட்களில் அடிவயிறு, இடுப்பு, கவட்டை, தொடையின் மேல் பகுதியில் எண்ணெயே தொடக் கூடாது, அந்தத் தோல் வெந்த தோல் மாதிரி. முடித்து, சிவப்பும் எரிச்சலும் முழுக்க ஆறிய பிறகு பார்க்கலாம். ஹார்மோன் ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவே வேண்டாம். சில ஊசிகள் வயிற்றிலும் சில புட்டத்திலும் போடுவார்கள், மருந்து அங்கேயே தங்கி மெதுவாகக் கரைய வேண்டும்.

"ஊட்லயே எப்படிப் பண்றதுன்னு சொல்லிக் குடுங்க."

பொழுதோட, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, தூங்கப் போவதற்கு முன்னால் செய்யுங்கள். முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குச் சிறுநீர் சொட்டுகிற தொந்தரவு இருக்கும். நடுவில் நனைந்துவிடுமோ என்ற பயத்தில் உடம்பு தளரவே தளராது. அடியில் ஒரு பழைய துண்டை விரித்து, "நனஞ்சா தொவச்சுக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

குப்புறப் படுக்க வைக்காதீர்கள். மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பு தளரும். படுக்க முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் மேசையில் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்ளலாம். கயிற்றுக் கட்டில் வேண்டாம், முதுகு தொய்ந்துவிடும். உடம்பு காந்துகிறவருக்கு ஃபேன் ஓடட்டும், போர்த்தி மூட வேண்டாம்.

அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பிறந்த குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்திருப்பீர்கள் இல்லையா, அந்தக் கை. சப்பாத்தி மாவு பிசைகிற கை வேண்டாம். பலமாக அழுத்தினால்தான் அலுப்புப் போகும் என்று பெரியவர்களே கேட்பார்கள். என் அப்பாவும் கேட்டார். அசதிக்கு மெதுவான கைதான் வேலை செய்கிறது, வேகம் குறையக் குறைய மூச்சும் நீளும்.

பாதத்தில் ஆரம்பியுங்கள். ரெண்டு கையாலும் பாதத்தைப் பிடித்து ஒரு நிமிஷம் சும்மா வைத்திருங்கள். அப்புறம் உள்ளங்காலைப் பெருவிரலால் குதிகாலிலிருந்து விரல்வரை நீவுங்கள். ஒவ்வொரு விரலையும் லேசாகப் பிடித்து விடுங்கள், இழுக்க வேண்டாம். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை உள்ளங்கை முழுக்கப் படுகிற மாதிரி மேல் நோக்கி நீவுங்கள். அடுத்து கை, உள்ளங்கையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள். தோளில் கழுத்தோடு சேர்கிற சதையை நாலு விரலால் பிடித்து மெதுவாக விடுங்கள். கடைசியாகத் தலை, நெற்றி, காதுக்குப் பின்னால். 20 நிமிஷத்திலிருந்து அரை மணி போதும். பாதிப் பேர் தலைக்கு வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். எழுப்ப வேண்டாம்.

கீமோ எடுத்தவர்களுக்கும் சர்க்கரை இருப்பவர்களுக்கும் பாதம் மரத்திருக்கும். எண்ணெய் சூடா இல்லையா என்று அவர்களைக் கேட்டால் தெரியாது. உங்கள் முழங்கையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எந்த எண்ணெய் நல்லது?"

வீட்டில் இருக்கிறது எதுவோ அது. காங்கயத்துத் தேங்காய் எண்ணெயோ செக்கு நல்லெண்ணெயோ, கை வழுக்கிப் போனால் போதும். அசதியைப் போக்குவது கைதான், எண்ணெயின் ஜாதி இல்லை. ஆயிரக்கணக்கில் விலை போட்டு புற்றுநோய்க்கென்றே விற்கிற தைலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எரிச்சல் கிளப்புகிற வலித் தைலம், கற்பூரம் கலந்த எண்ணெய் வேண்டாம். வாசனை சிலருக்குக் குமட்டும், முதலில் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

"சனிக்கெழம எண்ணெய் தேச்சுக் குளிக்கறத உடமாட்டேங்கறாரு."

விட வேண்டியதில்லை. அவர் வாழ்நாளெல்லாம் செய்த ஒன்று, அதைச் செய்கிற நாளில் தான் பழைய ஆள் என்ற நினைப்பு வரும். மூன்றே ஜாக்கிரதை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உடம்பு காந்தல் கூடும், தலை சுற்றும். கரண்ட் வைத்த இடம் ஆறாத வரை அங்கே எண்ணெயும் அரப்பும் படக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: எண்ணெய்க் காலோடு பாத்ரூமில் வழுக்கி விழுவது. மெலிந்த எலும்புக்கு ஒரு வழுக்கல் போதும், தொடையெலும்பு முறிந்துவிடும். ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்து, பாதத்து எண்ணெயை முதலில் அரப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிடித்துக்கொள்ள ஆள் வந்த பிறகு எழச் சொல்லுங்கள்.

"பாலக்காட்டுப் பக்கம் வைத்தியசாலைக்கு இருபத்தோரு நாள் கூட்டிப் போலாமுன்னு இருக்கறோம். சித்த வைத்தியர்கிட்ட வர்மமும் பாக்கலாமா?"

கணவாயைத் தாண்டினால் கேரளம் என்பதால் எங்கள் பக்கத்தில் இந்த யோசனை எல்லா வீட்டிலும் வரும். போகிற இடத்தில் நல்ல வைத்தியர் இருந்தால், புற்றுநோய் என்று சொன்னதும் அவரே ரிப்போர்ட்டைக் கேட்பார். கேட்காமல் "வாங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

மெதுவான எண்ணெய் நீவல் சரி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதிக்கிற உழிச்சல் கூடாது. சூடான கிழி, ஆவிக் குளியல், பேதிக்குக் கொடுப்பது எல்லாம் ஏற்கெனவே ஓய்ந்த உடம்பை இன்னும் ஓய வைக்கும். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று மசாஜுக்குத் தனி முறையே இருக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது. இதில் மெதுவாகப் பிடித்தலையும் அசைத்தலையும் ஏற்றுக்கொள்ளலாம். இறுக்கல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் இந்த எலும்புக்கு ஆகாது. வர்மப் புள்ளியில் குத்தி அழுத்துவதும் அப்படித்தான். லேகியம், பஸ்பம் எது கொடுத்தாலும் புற்றுநோய் டாக்டரிடம் காட்டாமல் சாப்பிடக் கூடாது. இந்தப் புற்றுக்குக் கொடுக்கிற அபிராடிரோன் போன்ற மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, அதன் மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம்.

"மகன் மசாஜ் சேர் வாங்கித் தர்றேங்கறான்."

வேண்டாம். எந்த எலும்பு மெலிந்தது என்று நாற்காலிக்குத் தெரியாது. துப்பாக்கி மாதிரி அதிர்கிற மெஷினும் வேண்டாம். அந்தக் காசில் பாத்ரூமுக்குக் கைப்பிடி வையுங்கள்.

"நெட்டுல 'புராஸ்டேட் மசாஜ்'னு போட்டிருக்குதே, அதுவா இது?"

இல்லை. அது ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியை அழுத்துவது. புற்றுநோய் உள்ளவருக்கோ வைத்தியம் முடித்தவருக்கோ அதைச் செய்யக் கூடாது, அசதிக்கும் அதற்கும் சம்பந்தமும் கிடையாது. ஆண்மை திரும்பும் என்று லாட்ஜில் ரூம் போட்டு எண்ணெய் விற்கிறவர்களிடமும் போக வேண்டாம். ஆபரேஷனுக்கும் ஊசிக்கும் பிறகு அந்தக் குறை வருவது சகஜம், அதற்கு யூராலஜி டாக்டரிடமே வைத்தியம் இருக்கிறது. கூச்சப்படாமல் கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

"டாக்டர் நடக்கச் சொல்றாரு, நீங்க மசாஜ்ங்கறீங்க. எது செய்யறது?"

ஒன்றுதான் முடியும் என்றால் நடை. 2017-இல் 113 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். புற்றுநோய் அசதிக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் நன்றாக வேலை செய்தன. ஊசியால் கரைகிற சதையைத் தாங்கிப் பிடிக்கவும் பயிற்சியால்தான் முடியும்.

ஆனால் எழவே முடியாதவரிடம் "நடங்க" என்றால் எப்படி நடப்பார்? மசாஜுக்கு இடம் அங்கேதான். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் வாசலிலிருந்து கட்டுத்தரை வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள், 5 நிமிஷம். அடுத்த வாரம் கிணற்றடி வரைக்கும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, ஐந்து முறை. மசாஜ் செய்த ராத்திரிக்கு அடுத்த காலையில் நடை கொஞ்சம் நீளும். நான் பார்க்கிற வீடுகளில் ரெண்டையும் இப்படிச் சேர்த்துத்தான் செய்கிறோம்.

"எத்தன நாள்ல தெரியும்?"

தூக்கம் முதல் வாரத்திலேயே தெரியலாம். அசதியை 6 வாரம் வைத்துப் பாருங்கள், வாரம் ரெண்டு மூன்று நாள். தினமும் காலையில் அசதி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு காலண்டர் கட்டத்திலேயே எழுதுங்கள். ஆறு வாரத்தில் எண் இறங்கவே இல்லை என்றால் அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். செய்த அடுத்த நாள் அசதி கூடினால் அழுத்தமோ நேரமோ அதிகம், பாதியாகக் குறையுங்கள்.

"தொடவே விட மாட்டேங்கறாரு. 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கறேன்'ங்கறாரு."

என் அப்பாவும் அப்படித்தான். மூணு மாசம் விடவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் வேலையைத் தானே செய்த மனுஷன், மருமகள் முன்னால் சட்டையைக் கழற்றிப் படுக்க எப்படி மனசு வரும்? அதிலும் ஊசியால் மார்பு கொஞ்சம் பெருத்து, வயிறு வைத்திருக்கிறது. அவருக்கே தன் உடம்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. "மசாஜ்" என்ற பேச்சையும் எடுக்க வேண்டாம். டிவியில் செய்தி பார்க்கும்போது பாதத்தை எடுத்து மடியில் வைத்து, "வெடிச்சிருக்குது, எண்ணெய் வெச்சு உடறேன்" என்று ஆரம்பித்தேன். பத்து நிமிஷம், பாதம் மட்டும். ரெண்டு வாரம் கழித்து அவரே இன்னொரு காலையும் நீட்டினார். வேண்டாம் என்று அவர் சொல்கிற அன்றைக்கு விட்டுவிடுங்கள். எத்தனையோ பேர் அவர் உடம்பில் அவரைக் கேட்காமல் கை வைத்திருக்கிறார்கள். வீட்டிலாவது கேட்டுத் தொட வேண்டும்.

"அவருக்கு நாந்தான் பண்ணோணும். எனக்கே அறுபத்தஞ்சு ஆச்சுங்க, கை கடுக்குது."

அம்மா, உங்கள் கை கடுத்தால் பாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் வாரம் ரெண்டு நாள் போதும். குனிந்து செய்யாதீர்கள். அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். மகனோ மகளோ ஊரிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், இதைப் படிக்கவும் கொடுங்கள்.

2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன, காசு கிடையாது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராமச் செவிலியரிடமோ பேர் கொடுத்து வையுங்கள். அவர்கள் வருகிற அன்றைக்கு எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் எடுத்துக் காட்டுங்கள். அப்படியே உங்கள் கையையும் காட்டுங்கள்.